தும்புத்தடியை எடுக்குமுன்: தரையிலும் மரப்பட்டையிலும் வேட்டையாடும் சிலந்திகளை இனங்காண்பது எப்படி

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் யார் வீட்டுக்குள் பெரிய சிலந்தி வந்தாலும் எனக்குத்தான் ஆள் வரும். போன மாரியில் ஒரு இரவு அடுத்த வளவு அக்கா மதிலுக்கு மேலால் கூப்பிட்டார்: "தம்பி, குசினிச் சுவரில புலிமுகச் சிலந்தி ஒண்டு நிக்குது, கெதியா வா, பிள்ளையள் சாப்பிடேலாம இருக்குதுகள்." நான் போய்ச் சேரும்போது அவருடைய மகன் தும்புத்தடியோடு கதிரையில் ஏறி நிற்கிறான், சிலந்தி அலுமாரிக்குப் பின்னால் நழுவ வழி பார்க்கிறது. புலிமுகம் என்பது மரப்பொந்தில் வாழும் மயிரடர்ந்த பெரிய சிலந்தி, கடித்தால் வைத்தியசாலைக்குப் போக வேண்டிவரும். சுவரில் நின்றது அதுவே இல்லை. கரப்பான் பிடிக்க வந்த சாதாரண வேட்டைச் சிலந்தி. நான் பார்த்த அளவில் எங்கள் பக்கத்தில் "புலிமுகம்" என்று அடித்துக் கொல்லப்படுவதெல்லாம் கிட்டத்தட்ட இதுதான்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். வலை கட்டி நடுவில் உட்கார்ந்திருக்கும் சிலந்திகளை இங்கே தொடவில்லை. வலையை நம்பாமல் தரையிலும் மரப்பட்டையிலும் சுவரிலும் நடந்தோ ஓடியோ பாய்ந்தோ இரை பிடிக்கும் கூட்டம் மட்டும். இலங்கையில் இதுவரை பெயரிடப்பட்ட சிலந்திகள் ஐந்நூறுக்கும் மேல், எல்லாவற்றையும் பழக வேண்டியதில்லை. ஏழெட்டு வகைகளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் வளவுக்குள் எதிர்ப்படும் முக்கால்வாசிக்குப் பெயர் சொல்லிவிடலாம்.

முதல் பாடம், நிறத்தைக் கடைசியில் பாருங்கள். எல்லாரும் நிறத்தில்தான் தொடங்குகிறார்கள், அங்கேயே வழி தவறுகிறது. வீட்டுச் சுவரில் பாயும் பிளெக்சிப்பஸ் என்ற குதிக்கும் சிலந்தியில் ஆண் கறுப்பில் பளிச்சென்ற வெள்ளைக் கோடுகளோடு இருக்கும், பெண் வெறும் மண்ணிறம். இரண்டும் ஒரே இனம் என்று யாராவது சொல்லும்வரை நம்பமாட்டீர்கள். அதோடு தரையில் வாழ்வது மண்ணிறமாகவும் பட்டையில் வாழ்வது பட்டை நிறமாகவும் இருந்தால்தானே பிழைக்கும்? ஆகவே நிறம் உங்களை ஏமாற்றுவதற்காகவே இருக்கிறது. எங்கே இருக்கிறது, எந்த மாதிரிக் காலை வைத்திருக்கிறது, முகத்தில் கண்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன, வயிற்றின் நுனியில் என்ன நீட்டிக்கொண்டிருக்கிறது, முட்டை இருந்தால் அதை எங்கே தூக்கி வைத்திருக்கிறது, இந்த ஐந்தையும் பார்த்த பிறகு நிறத்துக்கு வாருங்கள்.

என்ன வேண்டும்

பெரிய சாமான் ஒன்றும் இல்லை. தலையில் கட்டும் டோர்ச், கிட்டப் படம் எடுக்கக்கூடிய போன், அடிப்பக்கம் தெரியக்கூடிய ஒளிபுகும் பிளாஸ்டிக் கப் ஒன்று, ஒரு தடித்த காகித மட்டை. போனில் மாட்டும் சின்ன லென்ஸ் இருந்தால் கண்களை எண்ணலாம். முழுச் சப்பாத்து கட்டாயம். சருகுக்குள் சிலந்தியைவிடக் கவலைப்பட வேண்டியது புடையனும் நட்டுவக்காலியும்தான், கல்லைப் புரட்டுவதென்றால் உங்களுக்கு எதிர்ப்பக்கத்து ஓரத்தைத் தூக்குங்கள், உள்ளே இருப்பது உங்களைப் பார்த்து வராமல் அந்தப் பக்கமாக ஓடும். பன்குளம், கந்தளாய்ப் பக்கமென்றால் இரவில் யானை நினைவிருக்கட்டும். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது, இருட்டியபிறகு அங்கே போய்த் தரையில் டோர்ச் அடித்துத் திரியலாம் என்று யோசிக்கவே வேண்டாம், நீங்கள் சிலந்தி தேடுகிறீர்கள் என்று சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. புறாத்தீவு தேசியப் பூங்கா, அங்கே எதையும் பிடிக்கக்கூடாது. எல்லாவற்றையும்விட நல்ல இடம் உங்கள் கிணற்றடி.

டோர்ச்சை நெற்றியில் கட்டச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தரையில் திரியும் ஓநாய்ச் சிலந்தியின் கண்ணுக்குள் பூனைக் கண்ணில் இருப்பதுபோல ஒரு படலம் உண்டு, வெளிச்சத்தை வந்த வழியாகவே திருப்பி அனுப்பும். டோர்ச்சை இடுப்பளவில் பிடித்தால் அது இடுப்புக்குத்தான் திரும்பிப் போகும், உங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பத்துப் பதினைந்து அடி தூரத்துக்குத் தரையை மெல்ல வருடிப் பாருங்கள், புல்லுக்குள் நீலப்பச்சையாகக் குண்டூசி முனை அளவு வெளிச்சங்கள் தெரியும். பனித்துளியும் மின்னும், ஆனால் நீங்கள் தலையை அசைத்தால் பனித்துளியின் நிறம் மாறும், மினுக்கி மறையும். சிலந்திக் கண் மாறாமல் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் எத்தனை இருக்கிறது என்று எண்ணத் தொடங்கிவிட்டு, பிறகு இரவில் செருப்பில்லாமல் முற்றத்தில் இறங்கத் தயங்குவார்கள். பயப்படாதீர்கள், அவை நேற்றும் அங்கேதான் இருந்தன.

தரையில்

ஓநாய்ச் சிலந்தியில் தொடங்குவோம், தரை என்றால் அதுதான் ராசா. கப்பில் பிடித்து முகத்தை நேரே பாருங்கள். கீழ் வரிசையில் நான்கு சின்னக் கண்கள், அதற்கு மேலே முன்பார்த்தபடி இரண்டு பெரிய கண்கள், இன்னும் மேலே தலையின் பின்பக்கமாகத் தள்ளி இரண்டு நடுத்தரக் கண்கள். நான்கு, இரண்டு, இரண்டு. இந்த அடுக்கைப் பார்த்துவிட்டால் பிறகு சந்தேகமே இல்லை. கால்கள் உடம்புக்குக் கீழே ஊன்றியிருக்கும், உடம்பு தரையிலிருந்து கொஞ்சம் எழும்பி நிற்கும், ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். முதுகின் முன்பகுதியில் பல இனங்களுக்கு நடுவே ஒரு வெளிர் பட்டை.

முகம் பார்க்க முடியாவிட்டால் தாயைத் தேடுங்கள். பெண் ஓநாய்ச் சிலந்தி முட்டைகளை உருண்டையான பட்டுப் பையில் கட்டி, நூல் சுரக்கும் உறுப்பில் ஒட்டி, வயிற்றின் பின்னால் இழுத்துக்கொண்டே திரியும். குஞ்சு பொரித்ததும் அத்தனையும் தாயின் வயிற்றின் மேல் ஏறி ஒன்றின்மேல் ஒன்றாகக் குந்திக்கொள்ளும். டோர்ச் வெளிச்சத்தில் அப்படி ஒரு தாயைக் கண்டால் முதுகெல்லாம் சீனி தூவினதுபோல மினுங்கும். பின்னால் ஒட்டிய உருண்டை, முதுகில் குஞ்சு, இந்த இரண்டையும் சேர்த்துச் செய்வது வேறு எந்தச் சிலந்தியும் இல்லை. முட்டைப் பையை வாயில் கவ்வியபடி குளக்கரையிலோ வயல் வாய்க்காலிலோ நின்றால் அது ஓநாய்ச் சிலந்தி இல்லை, நீரோரத்தில் மீன் குஞ்சைக்கூடப் பிடிக்கும் இன்னொரு குடும்பம். வீட்டு மூலையில் நூல்போன்ற காலோடு தொங்குவதும் வாயில்தான் கவ்வும், ஆனால் அது வலைக்காரன், இங்கே அதற்கு வேலை இல்லை.

தம்பலகாமத்து வயல் வரம்பில் நீங்கள் காணும் சின்ன ஓநாய்ச் சிலந்திகளில் பார்டோசா சூடோஅனுலாட்டா என்பது ஆசிய நெல் வயல்களில் பேர்போனது. நெல்லின் அடித்தண்டில் உட்கார்ந்து சாறு குடிக்கும் தத்திகளைப் பிடித்துத் தின்னும், தண்ணீர் நின்றாலும் அதன் மேற்பரப்பில் ஓடும். கண்மூடித்தனமாக மருந்தடித்த வயலில் முதலில் சாவது இதுதான், தத்திகளின் முட்டையோ தண்டுக்குள் பத்திரமாக இருந்து பிறகு பொரிக்கும், பொரித்ததைத் தின்ன ஆள் இருக்காது. கமக்காரர் யாராவது வாசித்தால், வரம்பில் பின்னால் உருண்டை இழுத்துக்கொண்டு ஓடுவதைக் கண்டால் அது உங்கள் ஆள்.

ஒரு விதிவிலக்கு. ஓநாய்ச் சிலந்தி வலை கட்டாது என்று எழுதிப் போட்டிருப்பார்கள், நம்பாதீர்கள். ஹிப்பாசா என்ற பேரினம் புல் தரையில் விரிப்புப்போல வலை விரித்து, ஒரு ஓரத்தில் புனல்போன்ற குழாய்க்குள் உட்கார்ந்திருக்கும். மாரி முடிந்த காலையில் பனி படிந்த புல்லில் கைக்குட்டை காயப்போட்டதுபோல வெள்ளையாகத் தெரிவது பலவேளை இதன் வேலை. குழாயின் வாய்க்குள் எட்டிப் பார்த்தால் அதே நான்கு, இரண்டு, இரண்டு.

பூச்சாடியை, கல்லை, பொச்சுக் குவியலைத் தூக்கினால் வெளிச்சத்தைக் கண்டதும் வழுக்கிக்கொண்டு ஓடும், எலித்தோல் நிறத்தில், நீள உடம்போடு, கோடு புள்ளி அதிகம் இல்லாத ஒன்று இருக்கும். தரைச் சிலந்திக் குடும்பம், நாஃபோசிடே. இதற்குக் கண்ணைத் தேடிக் கஷ்டப்பட வேண்டாம், கண்கள் சின்னவை. வயிற்றின் நுனியைப் பாருங்கள். இரண்டு குட்டிக் குழாய்கள் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, சைலன்சர்போல நீட்டிக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தாலே தெரியும். ஓநாய்ச் சிலந்திக்கு அப்படி வெளியே தெரியாது.

எறும்பு வரிசைக்குள் ஒரு எறும்பு மட்டும் கொஞ்சம் தயங்கித் தயங்கி நடந்தால் உற்றுப் பாருங்கள். மாமரத்து முசுறைப் பார்த்துச் செய்ததுபோல ஒரு குதிக்கும் சிலந்தி இருக்கிறது, மிர்மப்பிளாட்டா என்று பெயர். எறும்புக்கு ஆறு கால், முழங்கை மடிந்ததுபோல இரண்டு உணர்கொம்பு. இதற்கு எட்டுக் கால், முன்னங்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்புபோல ஆட்டிக் காட்டும். ஊதினால் எறும்பு பிடித்துக்கொண்டு நிற்கும் அல்லது விழும், இது நூலில் தொங்கும். முசுறு கடிக்குமே என்று நினைத்து நான் கை வைக்காமல் விட்டது எத்தனை நாள்!

மண் வளை ஒன்றின் வாயில் பட்டு நூல் படிந்திருந்தால் விரலையோ ஈர்க்கிலையோ விட்டுக் கிண்டாதீர்கள். புலிமுகத்தின் தரைவாழ் உறவுகளும் அப்படித்தான் இருக்கும்.

மரப்பட்டையில்

பட்டையில் தேடுவது வேறு கலை. மரத்துக்கு நேரே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் போய்க் கன்னத்தை மரத்தோடு வைக்காத குறையாக நின்று, தண்டின் ஓரக்கோட்டைப் பாருங்கள், டோர்ச்சையும் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். நிறம் எவ்வளவு பொருந்தினாலும் நிழலை ஒளிக்க முடியாது. வேம்பு, மா, தென்னை, பழைய புளி, எல்லாம் நல்லவை. காய்ந்து தூக்கிய பட்டையை உரித்துப் பார்க்க ஆசை வரும், செய்யாதீர்கள், அது திரும்ப ஒட்டாது. இடுக்குக்குள் வெளிச்சம் அடித்தாலே போதும்.

எனக்குப் பிடித்தது ஹெர்சிலியா, இரட்டை வால் சிலந்தி. தலை கீழே, வால் மேலே, பட்டையோடு பட்டையாகத் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். வயிற்றின் நுனியிலிருந்து இரண்டு நீண்ட வால்கள், கிட்டத்தட்ட வயிற்றின் நீளத்துக்கே. அவை வால் இல்லை, நூல் சுரக்கும் உறுப்புகள். கால்களில் மூன்றாவது சோடி மட்டும் மற்றவற்றைவிட மிகக் குட்டை, அதைப் பார்த்தும் பிடிக்கலாம். எறும்போ அந்துப்பூச்சியோ பக்கத்தில் வந்ததும் பின்புறத்தை அதன் பக்கம் திருப்பி, சுற்றிச் சுற்றி ஓடி, நூலை விசிறிப் பட்டையோடு சேர்த்துக் கட்டிவிடும். அதன் பிறகுதான் கடிக்கும். ஆளைக் கண்டால் ஒரே பாய்ச்சலில் மரத்தின் மறுபக்கம் போகும். துரத்தாதீர்கள், ஒருவரை மறுபக்கம் நிறுத்திவிட்டு நீங்கள் இந்தப் பக்கம் நில்லுங்கள்.

பகலில் சாம்பல் நிறத்தில் தட்டையாக, சின்னதாக, கொஞ்சம் நடந்து நின்று உங்களைத் திரும்பிப் பார்ப்பது இருந்தால் மெனமெரஸ், குதிக்கும் சிலந்தி. முகத்தில் வாகன விளக்குப்போல இரண்டு பெரிய கண்கள் இருந்தால் குதிக்கும் சிலந்திக் குடும்பம் என்று அடித்துச் சொல்லலாம். நண்டுச் சிலந்திகளும் பட்டையில் உண்டு, முன்னிரண்டு சோடிக் கால்கள் நீளமாகவும் பின்னவை குட்டையாகவும் இருக்கும், அசையாமல் காத்திருக்கும்.

காய்ந்த குப்பைத் துணுக்குப்போலத் தடுமாறி நடப்பது போர்சியாவாக இருக்கலாம். மற்றச் சிலந்திகளின் வலையை மீட்டி, இரை சிக்கியதுபோல ஏமாற்றி, வந்த சொந்தக்காரரையே தின்பவர். கண்டால் எனக்குச் சொல்லியனுப்புங்கள், இன்னும் என் கண்ணில் படவில்லை.

இனி அக்காவின் குசினிக்கு வருவோம். அங்கே நின்ற வேட்டைச் சிலந்திதான் ஹெட்டரோபோடா வெனட்டோரியா, லின்னேயஸ் 1767இலேயே பெயர் வைத்தது, வாழைக்குலையோடும் கப்பலோடும் வெப்பமான நாடுகள் எங்கும் பரவியது. உடம்பு இரண்டு, இரண்டரை சென்ரிமீற்றர்தான், ஆனால் காலை விரித்தால் உள்ளங்கையை மூடும். பகலில் தென்னை மட்டையின் அடியிலும் தூக்கிய பட்டைக்குள்ளும் அலுமாரிக்குப் பின்னாலும் இருக்கும். கால்கள் முறுக்கிப் பக்கவாட்டில் நண்டுபோல விரிந்திருக்கும், அதனால்தான் அந்த ஒல்லி இடுக்குக்குள் போக முடிகிறது. முகத்தில் நான்கு நான்காக இரண்டு வரிசைக் கண்கள், அவற்றுக்குக் கீழே வெளிர் மஞ்சளில் மீசை வைத்ததுபோல ஒரு பட்டை. அந்த மீசையைக் கண்டால் முடிந்தது கதை. பெண் தட்டையான வட்ட முட்டைப் பையை வயிற்றுக்கடியில் அணைத்துக்கொண்டு திரியும், பின்னால் இழுக்காது. நசுக்கிப் பிடித்தால் கடிக்கும், வலிக்கும், சோப்புப் போட்டுக் கழுவிக் குளிர்ந்த துணி வைத்தால் அடங்கும்.

சுவரில் செத்த சிலந்தி ஒட்டியிருக்கிறது என்றும் கூப்பிடுவார்கள். முன்பகுதியின் மூடி திறந்து, உள்ளே வெறுமையாக இருந்தால் அது தோல் உரித்துப்போட்ட சட்டை. சிலந்தி உள்ளிருக்கும் திரவத்தின் அழுத்தத்தால்தான் காலை நீட்டுகிறது, அதனால் உண்மையாகச் செத்ததற்குக் கால்கள் உள்ளே சுருண்டு கிடக்கும்.

அப்போ புலிமுகம் எப்படி இருக்கும்?

பொய்சிலோதீரியா பேரினம். பார்த்தால் "இதுவா அதுவா" என்ற கேள்வி வராது. தடித்த, மயிரடர்ந்த கால்கள், சாம்பலிலும் கறுப்பிலும் பட்டை பட்டையான கோலம், கோபம் வந்து முன்னங்காலைத் தூக்கினால் அடியில் பளிச்சென்ற மஞ்சள். எட்டுக் கண்களும் தலையின் நடுவில் ஒரு சின்ன மேட்டில் குவிந்திருக்கும். பற்கள் இடுக்கிபோல ஒன்றையொன்று நோக்கி மூடாது, கோடரிபோல மேலிருந்து கீழே இறங்கும். முதிர்ந்த மரங்களின் பொந்தே அதன் வீடு, மரம் தறித்த இடத்தில் பழைய வீட்டுக் கூரைக்கும் வரும். இங்கே தாழ்நில உலர் பகுதியில் வாழ்பவற்றில் ஒன்று பொய்சிலோதீரியா ஃபசியாட்டா, 1804இல் விவரிக்கப்பட்டது. கடித்தால் கடும் வலியோடு தசைப்பிடிப்பும் வரலாம், வைத்தியசாலைக்குப் போகத்தான் வேண்டும், கடித்த இடத்தைக் கீறவோ உறிஞ்சவோ கூடாது. கப்பால் மூடும் வேலையை இதில் செய்யாதீர்கள், மின்னல்போல ஓடும். கதவைச் சாத்திவிட்டு வனசீவராசிகள் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். செல்லப்பிராணி வியாபாரத்துக்காக வெளிநாட்டுக்குக் கடத்தப்படுவதால் இந்தப் பேரினம் முழுவதும் 2019இல் சைட்டீஸ் என்ற, காட்டுயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது, ஆகவே பிடித்துப் போத்தலில் போட்டுப் படம் காட்டுவதும் நல்ல யோசனை இல்லை.

தோலில் கோடுகோடாகக் கொப்புளம் போட்டால் "சிலந்தி மூத்திரம் பெய்தது" என்பார்களே, அதற்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. பலவேளை அது விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பெடெரஸ் வண்டை நசுக்கியதால் வந்த எரிவு, சிலவேளை அக்கி.

படமும் பெயரும்

மேலிருந்து ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று, கப்பின் அடிவழியாக வயிற்றுப்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, நான்கு படம் எடுங்கள். அளவுக்கு ஐந்து ரூபாய் நாணயக் குற்றியைப் பக்கத்தில் வையுங்கள். எந்த மரம், எவ்வளவு உயரம், என்ன நேரம் என்று எழுதி வையுங்கள், மூன்று நாளில் மறந்துவிடும். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலி சொல்லும் பெயரை அப்படியே எடுக்காதீர்கள், நம் நாட்டில் இல்லாததையெல்லாம் சிலநேரம் தைரியமாகச் சொல்லும். குடும்பம், முடிந்தால் பேரினம், அதுவரை போனால் நல்ல வேலை. இனம் என்றால் பலவற்றுக்கு முதிர்ந்த சிலந்தியின் இனப்பெருக்க உறுப்பை நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். முதிர்ந்த ஆணை மட்டும் வெறுங்கண்ணால் அறியலாம், முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு குட்டி உறுப்புகளும் குத்துச்சண்டைக் கையுறை போட்டதுபோல வீங்கியிருக்கும்.

வெளியே விடுவது சுலபம். கப்பை மெல்லக் கவிழ்த்து, கால் நசுங்காமல் பார்த்து, மட்டையை அடியில் செருகி, தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் விடுங்கள். கொஞ்சம் தூரமாக விடுவது நல்லது. அக்காவின் வீட்டில் பிடித்ததை நான் சோம்பலில் எங்கள் பக்கத்து மதிலடியில் விட்டேன், மூன்றாம் நாள் காலை அதே மாதிரி மீசைக்காரி ஒன்று எங்கள் குளியலறைக் கதவுக்குப் பின்னால் முட்டைப் பையை அணைத்துக்கொண்டு நிற்கிறது. அம்மா இன்னும் பார்க்கவில்லை.